சிரிப்புக்கு அடுத்த வரி: குவாண்டம் இயற்பியலை நகைச்சுவையோடு விளக்குவது எப்படி

வில்லுப்பாட்டில் கதை சொல்பவர் நடுவில் உட்கார்ந்து வில்லை அடிப்பார். குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று சுற்றியிருப்பவர்கள் 'ஆமா' போடுவார்கள். அவர்களில் ஒருவர் நடுவே புகுந்து, "அதெப்படிண்ணே நடக்கும்?" என்று கேட்பார். கூட்டம் சிரிக்கும், ஏனென்றால் எல்லார் மனசிலும் இருந்த கேள்வியை அவர் கேட்டுவிட்டார். ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலும் சினிமாவிலும் கருத்துச் சொன்னது இந்த வழியில்தான். முதலில் சிரிப்பு, அது அடங்குவதற்குள் சேதி.

குமரி மாவட்டத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழாவிலோ நூலகக் கூட்டத்திலோ குவாண்டம் இயற்பியலைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால், இந்த 'ஆமா' ஆசாமியை மேடையில் ஏற்றிவிடுங்கள். நகைச்சுவை நம் எதிர்பார்ப்பை முறித்துத்தான் சிரிக்க வைக்கிறது. எலக்ட்ரானும் ஒளித்துகளும் ஓயாமல் செய்வதும் அதைத்தான். ஆபத்து ஒன்று உண்டு. ஜோக் எதிர்பார்ப்பைத் தவறான இடத்தில் முறித்தால் கேட்டவர் தவறான இயற்பியலோடு வீட்டுக்குப் போவார். இயற்பியல் மறந்து ஜோக் மட்டும் நினைவில் நிற்பதால், அந்தத் தவறு பல வருஷம் கூடவே இருக்கும். அதனால் ஒவ்வொரு சிரிப்புக்கும் அடுத்த வரியில் இரண்டு விஷயம் வர வேண்டும்: இந்த ஜோக் எதுவரை உண்மை, அதற்கான எண் என்ன. கீழே உள்ள உதாரணங்கள் எல்லாம் இந்த ஒழுங்கில்தான் போகின்றன. குவாண்டம் இயற்பியலை முதல்முறை படிப்பவரும் இந்த வரிசையிலேயே படிக்கலாம்.

செக்போஸ்டில் ஹைசன்பர்க்

உலகம் முழுக்கச் சுற்றுகிற ஜோக் இது. ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க் கார் ஓட்டி வருகிறார். களியக்காவிளை செக்போஸ்டில் எஸ்.ஐ. கை காட்டி நிறுத்துகிறார்.

"சார், என்ன ஸ்பீடுல வந்தீங்கனு தெரியுமா?"

"தெரியாது. ஆனா எங்க நிக்கேன்னு துல்லியமாத் தெரியும்."

"நூத்திப் பத்துல வந்தீங்க சார்."

"போச்சு! இப்ப எங்க நிக்கேன்னே தெரியலியே!"

சிரிப்பு வரும். அடுத்த வரி: ஹைசன்பர்க் 1927-ல் சொன்ன நிச்சயமின்மைக் கோட்பாட்டின்படி, இடத்தின் நிச்சயமின்மையையும் உந்தத்தின் நிச்சயமின்மையையும் பெருக்கினால், பிளாங்க் மாறிலி என்ற மிகமிகச் சிறிய எண்ணை 4 பையால் வகுத்து வரும் அளவுக்குக் கீழே அது இறங்காது. உந்தம் என்றால் நிறை பெருக்கல் திசைவேகம். 1,000 கிலோ எடையுள்ள காரின் இடத்தை ஒரு சென்டிமீட்டர் துல்லியத்தில் அறிந்தால், வேகத்தில் கட்டாயம் இருந்தாக வேண்டிய நிச்சயமின்மை வினாடிக்கு எத்தனை மீட்டர்? தசமப் புள்ளிக்குப் பிறகு 35 சைபர் போட்டு ஒரு 5. பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகள் அந்த வேகத்தில் நகர்ந்தாலும் ஒரு புரோட்டானின் அகலத்தில் நூறில் ஒரு பங்கைக்கூடக் கடக்க முடியாது. எஸ்.ஐ. தாராளமாக அபராதம் போடலாம்.

இப்போது காரை எடுத்துவிட்டு எலக்ட்ரானை வையுங்கள். அணுவின் அளவான ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்குள் அதை அடைத்தால், வேகத்தில் வரும் நிச்சயமின்மை வினாடிக்குக் குறைந்தது 580 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் புறப்பட்டு ஒரே வினாடியில் ஏறக்குறைய சென்னை வரை போகிற வேகம். விதி ஒன்றுதான், நிறை மட்டும்தான் மாறியது. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துச் சொன்னால், நம் வீட்டுச் சாமான்களில் குவாண்டம் விளைவு ஏன் தெரிவதில்லை என்ற கேள்விக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

இந்த ஜோக்கில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 'தெரியாது' என்று ஹைசன்பர்க் சொல்வதால், உண்மையான வேகம் ஒன்று எங்கோ இருப்பது போலவும் அது நமக்குத்தான் தெரியவில்லை என்பது போலவும் ஆகிவிடுகிறது. கோட்பாடு சொல்வது அதைவிடக் கடுமையானது. இடம் துல்லியமாக அமைந்த நிலையில் இருக்கும் எலக்ட்ரானுக்குத் துல்லியமான வேகம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆகவே கடைசி வசனத்தை இப்படி மாற்றுங்கள்:

"ஸ்பீடு தெரியாதுன்னு நான் சொல்லல சார். அப்படி ஒண்ணு இல்லேங்கிறேன்."

"ஸ்பீடே இல்லாம வண்டி எப்படி வே இங்க வந்து சேரும்?"

எஸ்.ஐ.யின் கேள்வி நியாயமானது. 'ஆமா' ஆசாமி கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. அதற்கான பதில் அடுத்த கல்யாணப் பந்தியில் இருக்கிறது.

மேடைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. தொடங்கும்போதே, "இந்தக் கதை நடக்கும் ஊரில் பிளாங்க் மாறிலி மட்டும் ரொம்பப் பெரிசு" என்று அறிவித்துவிட்டால், காரையும் மனிதரையும் வைத்துச் சொல்லும் ஜோக்குகள் தப்பில்லாதவை ஆகிவிடும். இயற்பியலாளர் ஜார்ஜ் கேமாவ் 1930-களின் இறுதியில் எழுதிய அறிவியல் கதைகளில் இந்த உத்தியைக் கையாண்டார். எத்தனை மடங்கு பெரிதாக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்: ஹைசன்பர்க்கின் காருக்கு அந்தக் கதி வர, 1-க்குப் பின் 38 சைபர் போட்ட அளவுக்கு மடங்கு தேவை. அந்த எண்ணைக் கேட்டதும் இரண்டாவது சிரிப்பு வரும். இந்த முறை சிரிப்பு இயற்பியலைப் பார்த்து வருவது.

இரண்டு வாசல், ஒரு பந்தி

குவாண்டம் இயற்பியலில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல நேரம் இருக்கிறது என்றால், இதைச் சொல்லுங்கள்.

ஒரு கல்யாண மண்டபம். இரண்டு வாசல். உள்ளே பந்தி நடக்கிறது. விருந்தாளிகள் ஒவ்வொருவராகத்தான் உள்ளே வருகிறார்கள். ஒருவர் சாப்பிட்டு எழுந்து போன பிறகே அடுத்தவர் வருவார். நெரிசலும் தள்ளுமுள்ளும் கிடையாது. இந்த நிபந்தனையை அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஜோக் முழுக்க வீண்.

முதல் நாள் இடது வாசலை மட்டும் திறக்கிறார்கள். மூன்றாவது இலையில் மொத்தம் 100 பேர் சாப்பிட்டுப் போகிறார்கள். இரண்டாம் நாள் வலது வாசல் மட்டும். அதே இலையில் மறுபடி 100 பேர். மூன்றாம் நாள் அதே அளவு நேரத்துக்கு இரண்டு வாசலையும் திறந்துவிடுகிறார்கள். பிரதமன் விளம்புகிற அண்ணாச்சி 200 பேருக்குக் கணக்குப் போட்டுச் சருவத்தைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது இலைக்கு வருகிறார். நாள் முழுக்க ஒருத்தர்கூட அங்கே உட்காரவில்லை.

"இன்னொரு வாசலத் தொறந்தா கூட்டம் கூடும்ணு பாத்தா, உள்ள ஆளும் போச்சே மக்கா!"

"அஞ்சாவது இலைக்குப் போங்கண்ணே. அங்க நானூறு பேரு!"

எலக்ட்ரானை இரண்டு மெல்லிய பிளவுகள் வழியாக அனுப்பினால் திரையில் நடப்பது இதேதான். 1989-ல் ஜப்பானில் அகிரா டொனோமுரா குழுவினர் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பி, திரையில் புள்ளி புள்ளியாக விழுவதைப் படமெடுத்தார்கள். முதல் சில நூறு புள்ளிகள் சிதறிக் கிடப்பதாகவே தெரியும். பல்லாயிரம் சேர்ந்ததும் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் தெளிகின்றன. இருட்டுப் பட்டை என்பது காலியாகக் கிடந்த மூன்றாவது இலை.

கணக்கு எளிது. எந்த வாசல் வழியாக வந்தாலும் அந்த வழிக்கு ஒரு 'வீச்சு' உண்டு. அது கூட்டல் குறியோடும் இருக்கலாம், கழித்தல் குறியோடும் இருக்கலாம். நடக்க வாய்ப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் வீச்சைத் தன்னோடே பெருக்க வேண்டும். இது மாக்ஸ் போர்ன் 1926-ல் கொடுத்த விதி. ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தால் வீச்சு 1, வாய்ப்பும் 1, அதாவது நம் கணக்கில் 100 பேர். இரண்டு வாசலும் திறந்திருந்தால் வீச்சுகளைத்தான் முதலில் கூட்ட வேண்டும். ஐந்தாவது இலையில் 1-ம் 1-ம் சேர்ந்து 2, தன்னோடே பெருக்கினால் 4, ஆகவே 400 பேர். மூன்றாவது இலையில் 1-ம் மைனஸ் 1-ம் சேர்ந்து பூஜ்யம். எல்லா இலைகளுக்கும் சராசரி பார்த்தால் இலைக்கு 200 பேர் வந்துவிடும். ஆட்கள் யாரும் மாயமாக மறையவில்லை, இலை மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். எஸ்.ஐ.யின் கேள்விக்கும் பதில் இதுதான்: ஒரே வழி, ஒரே வேகம் என்று இல்லாமல், எல்லா வழிகளின் வீச்சும் சேர்ந்துதான் எலக்ட்ரான் வந்து சேரும் வாய்ப்பைத் தருகிறது. சராசரியைச் சொல்லாமல் விட்டால், 'எலக்ட்ரான் காணாமல் போகிறது' என்று பிள்ளைகள் எழுதி வைத்துக்கொள்வார்கள்.

இப்போது மொய் எழுதுகிறவரைக் கொண்டுவாருங்கள். இரண்டு வாசலிலும் ஆளுக்கொரு நோட்டோடு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரும் எந்த வாசல் வழியாக வந்தார் என்று எழுதுகிறார்கள். உடனே எல்லா இலையிலும் 200 பேர்! மூன்றாவது இலையும் நிரம்பிவிட்டது.

'பார்த்தால் மாறிவிடும்' என்று எல்லோரும் சொல்லும் விஷயம் இதுதான். இங்கேதான் கெட்ட ஜோக்குகள் குவிந்து கிடக்கின்றன. அப்பா பார்த்தால் பையன் புத்தகத்தைத் திறப்பான், மாமியார் பார்த்தால் மருமகள் அடுப்பை மூட்டுவாள் என்ற வகை. இவை எலக்ட்ரானுக்கு மனசு இருப்பது போலவும், மனித மனம் பார்த்தால் பொருள் மாறும் என்பது போலவும் நம்ப வைக்கின்றன. இரண்டும் பொய். மொய் நோட்டை யாரும் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. எழுதியிருந்தால் போதும். எந்த வழி என்ற தகவல் எலக்ட்ரானை விட்டு வெளியே எங்காவது பதிவாகிவிட்டால் பட்டைகள் அழிந்துவிடும். வழியில் மோதிய ஒரு காற்று மூலக்கூறே மொய் நோட்டுதான்.

இந்த ஜோக் முறியும் இடமும் அதுவே. உண்மையான கல்யாண வீட்டில் ஒவ்வொரு ஆள் மேலும் காற்று ஓயாமல் மோதுகிறது. சாதாரணக் காற்றில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் ஒரு வினாடிக்கு மோதும் மூலக்கூறுகள், 3-க்குப் பின் 23 சைபர் போட்ட அளவு. அத்தனையும் மொய் நோட்டு எழுதிக்கொண்டே இருந்தால் பட்டை எப்படித் தெரியும்? 2019-ல் வியன்னாவில் ஏறக்குறைய 2,000 அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளை வைத்துப் பட்டைகளைக் காட்டினார்கள். அதற்கு நல்ல வெற்றிடம் தேவைப்பட்டது. ஒரு அரிசியில் இருக்கும் அணுக்களோ 1-க்குப் பின் 21 சைபர் என்ற கணக்கில் வரும்.

பூனையைப் பற்றி இரண்டு வார்த்தை

இயற்பியலாளர் ஷ்ரோடிங்கரின் பூனை முதலில் வந்ததே கேலியாகத்தான். 1935-ல் அவர் எழுதிய கட்டுரையில், கோட்பாட்டை இப்படியே நீட்டிக்கொண்டு போனால் எவ்வளவு நகைப்புக்கிடமான இடத்தில் கொண்டுவிடும் என்று காட்ட அந்தப் பெட்டியை வர்ணித்தார். ஒரு மணி நேரத்தில் ஒரு அணு சிதையலாம், சிதையாமலும் போகலாம் என்ற அளவுக்குத் துளி கதிரியக்கப் பொருள், கதிர்வீச்சைக் கண்டறியும் ஒரு கைகர் கருவி, ஒரு சுத்தியல், ஒரு விஷக்குப்பி. அணு சிதைந்தால் கருவி சுத்தியலை விழ வைக்கும், குப்பி உடையும், பூனை சாகும். பூனை உயிரோடும் செத்தும் ஒருசேர இருக்கிறது என்று அவர் அறிவிக்கவில்லை. அப்படி ஒரு முடிவு வந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதுதான் அவர் வாதம். அந்தக் கேலியைச் செய்தியாக எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் தொண்ணூறு வருஷமாக ஓயவில்லை. பூனையைச் சொல்வதாக இருந்தால், இந்தப் பின்னணியைச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்றும் கைகர் கருவியும் மொய் எழுதிவிடுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்து இயற்பியலாளர்கள் சிரிப்புக்குப் பயப்படாதவர்கள். 1932-ல் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் இளையவர்கள் சேர்ந்து தங்கள் ஆசான்களையே பாத்திரங்களாக்கிக் கேலி நாடகம் போட்டார்கள். அதில் நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒரு பெண் பாத்திரம். நியூட்ரினோவைச் சோதனையில் கண்டறிந்தது அதற்குப் பிறகு 24 வருஷம் கழித்து, 1956-ல்.

மணவாளக்குறிச்சி மணலில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட்

குமரி மாவட்டத்தில் குவாண்டம் இயற்பியலைச் சொல்ல வெளியூர் உதாரணம் தேட வேண்டியதே இல்லை. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிப் போன மணலில்தான் 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதைக் கண்டுகொண்டார். மோனசைட் என்ற அந்தக் கனிமத்தில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் உண்டு. பெட்ரோமாக்ஸ் மேன்டில் அந்தக் காலத்தில் பளிச்சென்று எரிந்ததும் தோரியம் ஆக்சைடால்தான். இனி ஜோக்.

ஒரு ஏஜென்ட் தோரியம் அணுக்களிடம் பாலிசி விற்க வருகிறார்.

"அண்ணாச்சிக்கு வயசென்ன?"

"எண்ணூறு கோடி இருக்கும்."

"அய்யோ, பிரீமியம் ரொம்பக் கூடுமே! பக்கத்துல உள்ளவருக்கு?"

"அவன் சின்னப் பய, ஐந்நூறு கோடி. ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே பிரீமியம்தான் போடணும்."

"அதெப்படி?"

"எங்களுக்கு வயசே ஆகாதுல்லா. சாவு மட்டும்தான் வரும்."

இந்த ஜோக்கில் ஓட்டையே இல்லை. அணு எத்தனை காலம் இருந்தது என்பதற்கும் அது அடுத்த வினாடியில் சிதையும் வாய்ப்புக்கும் சம்பந்தமே கிடையாது. தோரியம்-232-இன் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள். அதாவது இன்றிருக்கும் அணுக்களில் பாதி சிதைய அவ்வளவு காலம் ஆகும். மிச்சமுள்ள பாதிக்கு அன்றைக்கும் அதே 1,400 கோடி. ஒரு கிராம் தோரியத்தில் வினாடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைகின்றன. எந்த 4,000 என்று யாராலும் சொல்ல முடியாது. கருவி போதாததால் வந்த நிலைமை இல்லை இது. முன்கூட்டியே குறித்து வைத்த பட்டியல் அணுவுக்குள் இருப்பதாக இயற்பியல் கணக்கில் எங்கும் இல்லை.

அணு ஏன் சிதைகிறது என்பதில் இன்னொரு குவாண்டம் சேதி இருக்கிறது. அணுக்கருவின் உள்ளேயிருந்து வெளிவரும் ஆல்பா துகளின் (இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த துண்டு) ஆற்றல் ஏறத்தாழ 4 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அணுக்கருவைச் சுற்றி அது தாண்ட வேண்டிய ஆற்றல் மதிலின் உயரம் அதே அளவையில் 25-க்கும் மேல். பழைய இயற்பியல்படி அது வெளியே வரவே முடியாது. 1928-ல் கேமாவும், தனியாக கர்னி, காண்டன் இருவரும் விளக்கினார்கள்: ஆல்பாவின் வீச்சு மதிலுக்குள் தேய்ந்துகொண்டே போனாலும் மறுபுறத்தில் முழுசாகப் பூஜ்யமாகிவிடுவதில்லை. மிச்சமிருக்கும் அந்தத் துளிதான் வெளிவரும் வாய்ப்பு. இதை டன்னலிங் என்கிறோம். ஆல்பா ஒரு வினாடியில் மதிலில் மோதுவது 1-க்குப் பின் 21 சைபர் தடவை என்ற கணக்கில் இருக்கும். அப்படி மோதியும் வெளியே வரச் சராசரியாக ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஆகும்.

இங்கே பலரும் சொல்லும் ஜோக் ஒன்று தவறானது: 'ஆல்பா கொஞ்சம் ஆற்றலைக் கடன் வாங்கி மதிலைத் தாண்டிவிட்டுத் திருப்பிக் கட்டிவிடும்.' கடனும் இல்லை, வட்டியும் இல்லை. உள்ளே இருந்த அதே ஆற்றலோடுதான் அது வெளியே வருகிறது. யாரும் மதில் மேல் ஏறவில்லை.

டன்னலிங் எவ்வளவு நுணுக்கமானது என்று காட்ட அதே மணலில் இன்னொரு ஆள் இருக்கிறார். தோரியம் சிதைந்து சிதைந்து போகும் வரிசையில் கடைசிக்கு முன்னால் வருவது பொலோனியம்-212. அதன் ஆல்பாவுக்கு ஆற்றல் சுமார் 8.8, தோரியத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அதன் அரை ஆயுட்காலம் ஒரு வினாடியில் ஒரு கோடியில் மூன்று பங்கு. ஆற்றல் இரட்டிப்பானதற்கு ஆயுள் குறைந்தது 1-க்குப் பின் 24 சைபர் மடங்கு. ஒரே மணல்துகளில் பிரபஞ்சத்தை விட நீண்ட ஆயுளும் கண்ணிமைக்கும் நேரத்தில் பல லட்சத்தில் ஒரு பங்கும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. இதைச் சொல்லும்போது ஜோக்கே தேவைப்படாது.

மூன்று தாள் சோதனை

மேடையில் கையில் எடுத்துக் காட்டக்கூடியது இது. ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நேர்கோட்டுப் போலராய்டு தாள் மூன்று வேண்டும், ஐந்து சென்டிமீட்டர் சதுரம் போதும். பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். உடைந்த கம்ப்யூட்டர் மானிட்டரின் எல்.சி.டி. பலகையில் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் தாள்களை உரித்தும் எடுக்கலாம். பழைய கால்குலேட்டரில் முன்பக்கத் தாளை மட்டும் எடுங்கள். பின்பக்கத்துத் தாளில் ஒளியைத் திருப்பும் பூச்சு இருக்கும், அது மறைத்துவிடும். தியேட்டரில் தரும் 3டி கண்ணாடி பெரும்பாலும் வட்டமுனைவு வகை, இந்தச் சோதனை அதில் ஒழுங்காக வராது.

டார்ச் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். இரண்டாவது தாளை அதன் மேல் வைத்து மெதுவாகத் திருப்பினால் 90 டிகிரியில் இருட்டாகிவிடும். இப்போது மூன்றாவது தாளை இரண்டுக்கும் நடுவே 45 டிகிரி சாய்த்துச் செருகுங்கள். வெளிச்சம் திரும்ப வரும்.

"வாசல்ல ரெண்டு வாட்ச்மேன் நின்னப்ப ஒருத்தனும் உள்ள போகல. மூணாவது வாட்ச்மேனப் போட்டதும் கூட்டம் உள்ள போகுதே!"

முதல் தாளைத் தாண்டிய ஒளியை 100 என்று வைத்தால், 45 டிகிரி தாளில் 50 தாண்டும், கடைசித் தாளில் 25. கோணத்தின் கொசைனைத் தன்னோடே பெருக்கி வருவது இந்த எண். நடுத்தாளை 30 டிகிரியில் வைத்தால் கிடைப்பது 19. நிஜத் தாள்கள் கொஞ்சம் விழுங்கிவிடுவதால் இவற்றைவிடக் குறைவாகத்தான் தெரியும். மூன்றாவது தாளை நடுவில் செருகாமல் வெளியே வைத்தால் இருட்டு இருட்டாகவே இருக்கும், மேடையில் அடிக்கடி நடக்கும் தவறு அது. இந்தக் கணக்கு ஒளியை அலையாகக் கொண்ட பழைய இயற்பியலிலும் வரும் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். குவாண்டம் சேர்ப்பது ஒன்று: ஒளித்துகளை ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒவ்வொன்றும் முழுசாகத் தாண்டும் அல்லது முழுசாக நிற்கும். 50 என்பது அதன் வாய்ப்பு.

பிட் அடிக்காத இரட்டையர்

இரண்டு துகள்கள் தூரப் பிரிந்தாலும் அளக்கும்போது முடிவுகள் ஒத்துப்போவதைக் குவாண்டம் பின்னல் என்கிறோம். அதை விளக்க ஒற்றைச் செருப்பு ஜோக் சொல்வார்கள். நாகராஜா கோயில் வாசலில் ஒரு செருப்பை விட்டுவிட்டுத் திருவனந்தபுரம் போய்ப் பையைத் திறக்கிறீர்கள். இடது கால் செருப்பு இருக்கிறது. அந்த நொடியே நாகர்கோவிலில் கிடப்பது வலது என்று தெரிந்துவிடும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, குவாண்டமும் இல்லை. புறப்படும்போதே இடது இடதுதான். இயற்பியலாளர் ஜான் பெல் 1981-ல் தன் சகா பெர்ட்ல்மான் இரண்டு காலிலும் வேறு வேறு நிறத்தில் காலுறை போடும் வழக்கத்தை எடுத்துக்கொண்டு, பின்னல் என்பது இப்படிப்பட்டது இல்லை என்று விளக்கினார். அவர் காட்டிய வித்தியாசத்தைத் தேர்வு ஹாலில் வைத்துச் சொல்லலாம்.

இரட்டையர் இருவர். ஒருவர் நாகர்கோவிலில், ஒருவர் தக்கலையில் தேர்வெழுதுகிறார்கள். மூன்று கேள்விகளில் ஏதாவது ஒன்று ஆளுக்கு வரும். ஆம் அல்லது இல்லை என்று பதில். இருவருக்கும் ஒரே கேள்வி வந்தால் பதில் எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது. பறக்கும் படை வந்து பிடிக்கிறது.

"ரெண்டு பேரும் பிட் வச்சிருக்கீங்க."

"இல்ல சார். பிட் வச்சிருந்தா இதைவிட நல்லா ஒத்துப் போயிருக்கும்."

பையன் சொல்வது கணக்குப்படி சரி. முன்கூட்டியே பேசி வைத்த பிட்டில் மூன்று பதில்கள் இருக்கும். பதில் இரண்டே வகை என்பதால் மூன்றில் குறைந்தது இரண்டு ஒன்றாக இருந்தாக வேண்டும். ஆகவே வெவ்வேறு கேள்வி வரும்போது குறைந்தது மூன்றில் ஒரு பங்கு தடவை பதில் பொருந்தியே தீரும். 900 தடவையில் 300-க்குக் குறையாது. பின்னிய இரண்டு ஒளித்துகள்களை 60 டிகிரி இடைவெளியில் அமைத்த மூன்று போலராய்டு கோணங்களில் சோதித்தால் கிடைப்பது நான்கில் ஒரு பங்கு, 900-க்கு 225. மூன்று தாள் சோதனையில் பார்த்த அதே கொசைன் கணக்கு, 60 டிகிரிக்கு. ஒரே கேள்விக்கு எப்போதும் ஒரே பதில், வேறு கேள்விக்கு 225. இரண்டையும் ஒருசேரத் தரும் பிட்டை யாராலும் எழுத முடியாது.

பெல் இந்த வகைக் கணக்கை 1964-ல் கொடுத்தார். சோதனைகளைச் செய்து காட்டியதற்காக கிளாசர், அஸ்பே, ஸைலிங்கர் மூவருக்கும் 2022-ல் நோபல் பரிசு. ஜோக்குக்குப் பிறகு தவறாமல் சொல்ல வேண்டியது: ஒவ்வொரு பையனின் விடைத்தாளையும் தனியாகப் பார்த்தால் பாதி ஆம், பாதி இல்லை, அவ்வளவுதான். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பொருத்தம் தெரியும். ஆகவே இதை வைத்துத் தக்கலைக்கு ஒரு சேதிகூட அனுப்ப முடியாது.

மேடைக்கு எழுதும்போது

எண்ணிலிருந்து தொடங்குங்கள், ஜோக்கிலிருந்து தொடங்காதீர்கள். "இரண்டு வாசல் திறந்தால் 200 இல்லை, 0 அல்லது 400" என்று முதலில் தாளில் எழுதுங்கள். அது எந்த எதிர்பார்ப்பை உடைக்கிறது என்று பாருங்கள். அந்த எதிர்பார்ப்பை 'ஆமா' ஆசாமியின் வாயில் வையுங்கள். அவரை முட்டாளாகக் காட்டாதீர்கள். அவர் கேட்பது நியாயமான கேள்வி, நியூட்டனும் அதையே கேட்டிருப்பார். பதில் சொல்லும்போது வில்லை நிறுத்திவிட்டு எண்ணைத் தெளிவாகச் சொல்லுங்கள், குடத்தின் சத்தத்தில் சைபர்கள் காணாமல் போய்விடும். பதினைந்து நிமிஷ நிகழ்ச்சிக்கு இரண்டு ஜோக் போதும், மூன்று அதிகபட்சம். பந்தியும் இன்சூரன்ஸும் சேர்ந்தால் நல்ல ஜோடி. இரட்டையர் கதைக்குக் கரும்பலகை வேண்டும், எட்டு வகைப் பிட்டையும் எழுதிக் காட்டாமல் அது யாருக்கும் புரியாது.

'குவாண்டத்தில் எதுவும் நடக்கும்' என்ற முடிவோடு யாரும் எழுந்து போகக் கூடாது. அந்த வாக்கியத்தை வைத்துத்தான் குவாண்டம் வைத்தியம், குவாண்டம் வளையல் என்று விற்கிறார்கள். காலியான இலை காலியாகத்தான் இருக்கும் என்பது எவ்வளவு கறாரான விதி! எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனைக் கோட்பாட்டில் கணக்கிட்டதும் ஆய்வகத்தில் அளந்ததும் ஏறக்குறைய 12 இலக்கம் வரை பொருந்துகின்றன.

நிகழ்ச்சி முடிந்ததும் கேட்டவர்களில் சிலரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மொய் நோட்டை யாருமே படிக்காவிட்டால் மூன்றாவது இலையில் எத்தனை பேர்? எண்ணூறு கோடி வயது அணுவும் ஐந்நூறு கோடி வயது அணுவும், இவற்றில் எது முதலில் சிதையும்? செக்போஸ்டில் ஹைசன்பர்க்குக்கு அபராதம் உண்டா? '200', 'சொல்ல முடியாது', 'உண்டு' என்று பதில் வர வேண்டும். முதல் கேள்விக்குப் பலர் பூஜ்யம் என்று சொன்னால், மொய் எழுதுகிறவர் வரும் இடத்தை இன்னும் நிதானமாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அதே பதில் வந்தால், அடுத்த ஊரில் ஒரு ஜோக்கைக் குறைத்துவிட்டு அந்த நேரத்தையும் பந்திக்கே கொடுங்கள்.